கடையில் நின்றவர்: பழைய கேளிக்கைப் பூங்காப் படங்கள் பற்றி

சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவையொட்டி எங்கள் மண்டபத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி ஒன்று வைத்தோம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர்ப் பகுதிகளில் நெடுநாளாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் தங்கள் வீட்டு ஆல்பங்களிலிருந்து படங்களைத் தந்துதவ வேண்டும் என்று அன்பியங்கள் வழியாகக் கேட்டிருந்தோம். நான் எதிர்பார்த்தவை வேறு. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மின்சார ரயில், 1937-இல் இங்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் காட்டுச் சூழல், காசநோய் மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரங்கள் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் வந்து குவியும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். வந்தவற்றுள் பெரும்பகுதி கேளிக்கைப் பூங்காக்களில் எடுத்த படங்கள். கிஷ்கிந்தா, வி.ஜி.பி. கோல்டன் பீச், முட்டுக்காட்டு எம்.ஜி.எம்.; போதாக்குறைக்கு 1985-இல் வண்டலூருக்கு வந்த உயிரியல் பூங்கா. முதலில் எனக்குச் சலிப்பே ஏற்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வரலாற்றைக் கேட்டால் வாட்டர் பார்க்கைக் கொண்டுவருகிறார்களே என்று உதவிப் பங்குத்தந்தையிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

ஆயினும் இரண்டு வாரம் அப்படங்களோடு உட்கார்ந்து அவற்றைத் தேர்ந்து, அடுக்கி, அடியில் குறிப்பெழுதும் பணி என்மேல் விழுந்தது. அப்பணியில் நான் கண்டவற்றையும், செய்த ஒரு பிழையையும் வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கவிதைக்கும் சிறுகதைக்கும் திறனாய்வு எழுதும் நாம், நம் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும் இப்படங்களையும் அவ்வாறு உற்றுநோக்கினால் என்ன?

இவை பெரும்பாலும் 1990-களில் எடுக்கப்பட்டவை. ஹாட் ஷாட் முதலிய சிறு கேமராக்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டிய காலம் அது. ஒரு பிலிம் ரோலில் 36 படங்கள். கைத்திறன் உடையவர் சுற்றினால் இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு சொடுக்கும் எண்ணிச் செலவிடப்பட்டது. ஞானஸ்நானத்தில் தொடங்கிய ரோல் புதுநன்மையில் முடியும் வீடுகளும் உண்டு. அத்தகைய சிக்கனக் காலத்தில் ஒரே பகலில் ஒரு முழு ரோலையும் செலவழித்த இடம் எதுவெனில் அது கேளிக்கைப் பூங்காதான். இந்த ஒரு காரணத்தாலேயே இவை மதிக்கத்தக்க ஆவணங்களாகின்றன. திருமணப் படங்களை எடுத்தவர் தொழில்முறைக் கலைஞர். பூங்காப் படங்களை எடுத்தவர் குடும்பத் தலைவர். அவருக்குக் கேமராவில் தெரிந்ததெல்லாம் பொத்தானை அமுக்குவது மட்டும்தான். மனைவி மக்கள் ஒரு சிமெண்டுக் குகையின் வாயில் வரிசையாக நிற்பர். சூரியன் அவர்கள் முகத்துக்கு நேரே இருக்கும். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பர். ஒரு மூலையில் அவருடைய கட்டைவிரல் மங்கலாகத் தெரியும். கீழே வலப்புறம் ஆரஞ்சு நிற எண்களில் நாள் பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் சரியாகத் திருப்பி வைக்காமையால் பாதிப் படங்களில் தவறான ஆண்டு.

இம்மரபுக்கு ஒரு முன்னோடி உண்டு. நம் பாட்டன் பாட்டியர் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டபோது பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கியது. அதில் மாடிப்படி, தூண், பூந்தோட்டம் ஆகியவை வரையப்பட்டிருக்கும். பொருட்காட்சிகளில் அட்டைப் பிறைநிலாவின்மேல் அமரலாம். அட்டைக் காரை ஓட்டலாம். மெரினாவில் நடிகர் உருவ அட்டையோடு தோள்மேல் கைபோட்டு நிற்கலாம். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டி மின்வடிவில் சேமித்திருக்கிறார்கள். மிகப் பயனுள்ள பணி. அத்தொகுப்பு ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான ஒரு நூற்றாண்டைத் தழுவியது. அதற்குப் பிந்திய காலத்தில் திரைச்சீலை என்னவாயிற்று என்று கேட்டால், அது கேளிக்கைப் பூங்காவில் சிமெண்டாக வார்க்கப்பட்டு நின்றது என்று விடைகூறலாம். கேமரா ஸ்டுடியோவை விட்டு வெளியேறியபோது பின்னணியும் அதனோடு வெளியேறியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஸ்டுடியோத் திரைக்குப் பின்னால் யாரும் வேலை செய்யவில்லை. பூங்காவின் பின்னணிக்குள் நூற்றுக்கணக்கானோர் சீருடையில் வேலை செய்துகொண்டிருந்தனர். படம் பிடித்தவரின் விருப்பத்தைக் கேளாமலேயே அவர்கள் படத்துக்குள் புகுந்துவிட்டனர்.

மேற்குத் தாம்பரத்தை அடுத்து 1995-இல் திறக்கப்பட்ட கிஷ்கிந்தாவை உருவாக்கியவர் மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் என்பது பலரும் அறிந்ததே. 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர் அவர். இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ. விவிலியக் கதைகளைத் தூர்தர்ஷனுக்காகத் தொடராகத் தயாரித்தவரும் அப்பச்சனே; நம் வீடுகளில் அதைக் கண்டு வளர்ந்தவர் பலர். 2012-இல் மறைந்தார். குட்டிச்சாத்தானில் சிறுவர்கள் சுவரிலும் கூரையிலும் நடந்து பாடும் காட்சி ஒன்று வரும். அதற்கென ஓர் அறையையே சுழலும்படி செய்து, கேமராவையும் அதனோடு சேர்த்துச் சுழற்றிப் படம் பிடித்தார்கள். நாம் திரையில் கண்டது சிறுவர்களின் துள்ளலை. அறையைச் சுழற்றியவர்களை நாம் காணவில்லை. காணவும் கூடாது, அதுவே சினிமாவின் விதி. சினிமாக்காரர் ஒருவர் பூங்கா கட்டும்போது அவ்விதியும் உடன் வருவது இயல்பு. சுழல வேண்டியது சுழல வேண்டும்; சுழற்றுபவர் மறைந்திருக்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கிஷ்கிந்தை என்பது கம்பனும் ஒரு காண்டம் ஒதுக்கிப் பாடிய வானர நாடு. கடலுக்கு அணைகட்டக் கல் சுமந்தவர்கள் அந்நாட்டினர். விளையாட்டுப் பூங்காவுக்கு அப்பெயர் வைத்தபோது குரங்கின் குறும்பு மட்டுமே நினைவில் இருந்திருக்கும். நம் மண்டபத்துக்கு வந்த படங்களைப் பார்த்தபோது எனக்குக் கல் சுமந்த கதைதான் நினைவுக்கு வந்தது.

வி.ஜி.பி. படங்கள் தனிவகை. தவணை முறையில் கடிகாரமும் வானொலியும் விற்று நம் வீடுகளுக்குள் நுழைந்த நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் அமைத்த பூங்கா அது. அங்கு எடுத்த படங்களில் தவறாமல் இடம்பெறுபவர் ஒருவர் உண்டு: சிலை மனிதர். அரண்மனைக் காவலர் உடையில், முறுக்கிய மீசையோடு, இமைகூட அசையாததுபோல் மணிக்கணக்கில் நிற்பவர். சிரிக்க வைப்பவருக்குப் பரிசு என்ற அறிவிப்பும் உண்டு. எங்கள் கண்காட்சிக்கு வந்த பல குடும்பங்களின் படங்களில் அவர் இருக்கிறார். தென்சென்னையில் மிக அதிகமாகப் படம்பிடிக்கப்பட்ட தொழிலாளி அவராகத்தான் இருக்க வேண்டும். எனினும் படம் தந்தவர்களுள் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை. எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

அப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வியப்பான ஒன்று புலப்படும். குடும்பங்கள் மாறுகின்றன. குழந்தை நாக்கைத் துருத்துகிறது. மாமா மூக்கைப் பிடித்துக் கோணங்கி காட்டுகிறார். ஒரு பெண்மணி சேலை முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கிறார். நடுவில் நிற்பவர் மட்டும் எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரி. புகைப்படக்கலையின் தொடக்க நாள்களில், தட்டு ஒளியை வாங்க நெடுநேரம் பிடித்தமையால், படம் எடுத்துக்கொள்பவரின் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி பொருத்தி அசையாமல் நிறுத்துவார்கள். அன்று பணம் கொடுத்தவர் அசையாதிருந்தார். இங்கே பணம் கொடுத்தவர் ஆடிப்பாடுகிறார். கூலி பெறுபவர் அசையாதிருக்கிறார். அவர் பார்வை கேமராவின்மேல் படிவதில்லை. கேமராவுக்குச் சற்று மேலே, தொலைவில் எதையோ நோக்குகிறது. கலைநோக்கில் இவை அவ்வளவு சிறந்த படங்கள் அல்ல. ஆனால் ஒரு மனிதன் தன் முகத்தை வேலைக்குக் கொடுத்துவிட்டுத் தன்னைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மற்றத் தொழிலாளர்களுக்கு அந்த நடுவிடம் கிடைக்கவில்லை. அவர்கள் ஓரங்களில் இருக்கிறார்கள். ராட்டினத்தின் விசையருகே நீலச் சட்டை அணிந்த இளைஞனின் பாதித் தோள். அலைக்குளத்தின் விளிம்பில் ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்கும் ஒருவர். அவர் நம்மைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கிறார். வாடகை நீச்சலுடைக் கவுண்ட்டரில் ஈரத்துணிகளைப் பிழியும் இரு பெண்கள். தொப்பிக் கடை, பஞ்சுமிட்டாய் வண்டி, சங்கு சிப்பிப் பொருள்கள் விற்கும் கடை, பாப்கார்ன் இயந்திரம். குடும்பத் தலைவருக்குச் சட்டகம் அமைக்கத் தெரியாது. ஆதலால் இவர்களை வெட்டி ஒதுக்கவும் தெரியவில்லை. அதே பூங்காக்களின் விளம்பரத் தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தேர்ந்த கலைஞர் எடுத்த படங்களில் ஒன்று தொழிலாளியே இருக்க மாட்டார்; அல்லது விளம்பரத்துக்கென்று சிரிக்க வைக்கப்பட்ட ஒரே ஒருவர் இருப்பார். படம் எடுக்கத் தெரியாதவர் எடுத்த படமே உழைப்போருக்கு அதிக நீதி செய்திருக்கிறது. கலையைக் கற்பதால் வரும் இழப்புகளில் இதுவும் ஒன்றோ என்று ஐயுறுகிறேன்.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது, அதன் முதன்மைத் தெருவில் கோடாக் நிறுவனம் ஒரு கேமராக் கடை வைத்தது. எங்கே நின்று எதைப் படம்பிடித்தால் அழகாக வரும் என்று வருகையாளருக்குக் காட்டும் பலகைகளையும் அந்நிறுவனம் பூங்காவில் நட்டுவைத்தது. அப்பலகைகள் சுட்டியவை கோட்டை, கப்பல், பூப்பாத்தி. கடைக்காரரைப் படம் பிடியுங்கள் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. அங்கே பணியாளரை ஊழியர் என்று அழைப்பதில்லை. நாடக நடிகரைக் குறிக்கும் சொல்லால்தான் அழைப்பர். சட்டையில் பெயர்ப் பட்டை உண்டு; தொடக்க ஆண்டுகளில் அப்பட்டையில் இருந்தது பெயரன்று, எண். இன்று அக்காலப் பணியாளர் படங்களையும் பழைய கடைகளின் படங்களையும் அந்நாட்டில் ஆர்வலர் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். மருந்துக் கடை, மிட்டாய்க் கடை, ஆறு மாதமே நடந்த ஓர் உள்ளாடைக் கடை என்று ஒவ்வொன்றுக்கும் வரலாறு எழுதுகிறார்கள். அவர்களுடைய ஏக்கத்தில் கொஞ்சம் இனிப்பு மிகுதி. ஆனால் கடையையும் அதில் நின்றவரையும் பொருட்படுத்தும் அப்பழக்கம் நமக்கும் வந்தால் நன்றே.

கேளிக்கைத் தொழிலாளரை நேராக நோக்கிய பெருங்கலைஞர்களும் உண்டு. ஜெர்மானியர் ஔகுஸ்ட் ஸாண்டர் தம் நாட்டு மக்களைத் தொழில்வாரியாகப் படம் பிடித்தார். 1929-இல் அவற்றுள் அறுபதை நூலாக வெளியிட்டார். 1936-இல் நாஜி அரசு அதன் அச்சுத் தகடுகளை அழித்தது. அவர் எடுத்த சர்க்கஸ் தொழிலாளர் படத்தில் யாரும் வித்தை காட்டவில்லை. வண்டியருகே இளைப்பாறுகிறார்கள், ஓர் இசைத்தட்டுப் பெட்டி இருக்கிறது, அவ்வளவே. ஸாண்டரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான படங்களுக்குத் தொழிலின் பெயரே தலைப்பு: மிட்டாய் செய்பவர், செங்கல் சுமப்பவர். ஆளின் பெயர் இல்லை. அவர் வகையைத் தேடினார். ஆளுக்கு முழுச் சட்டகத்தையும் கொடுத்தார், பெயரைக் கொடுக்கவில்லை. இதற்கு மறுதலையாக அமெரிக்கப் பெண்மணி மேரி எல்லன் மார்க், 1993-இல் வெளியிட்ட இந்திய சர்க்கஸ் படநூலில் பெயரும் ஊரும் ஆண்டும் தந்தார். அதில் புகழ்பெற்ற படத்தின் தலைப்பு ராம் பிரகாஷ் சிங் தம் யானை சியாமாவோடு என்று தொடங்குகிறது. 1990, அகமதாபாத். யானைக்குக்கூடப் பெயர் இருக்கிறது.

குருக்களாகிய நாங்கள் வாழ்நாளெல்லாம் பதிவேடுகளில் பெயர் எழுதுபவர்கள். ஆலயப் பொன்விழா மலர்களில் குழுப்படத்துக்கு அடியில் 'இடமிருந்து வலம்: நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள்' என்று வரிசைப்படுத்தி, ஒரு பெயர் விட்டுப்போனால் எத்தனை வீடுகளில் மனத்தாங்கல் என்பது அனைவரும் அறிந்ததே. அப்படியிருக்க, பூங்காப் படங்களுக்குக் குறிப்பெழுதியபோது நான் செய்தது என்ன? படம் தந்த குடும்பத்தாரின் பெயர்களை எழுதினேன். சீருடையில் இருந்தவர்களை 'பூங்கா ஊழியர்' என்றேன். பல படங்களில் அதையும் எழுதவில்லை. உழைப்பின் மதிப்பை உழைக்கும் ஆளிடமே காண வேண்டும், அவன் செய்து முடித்த பொருளில் அன்று என்று 1981-ஆம் ஆண்டின் சுற்றுமடலில் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் வலியுறுத்தியதைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தவன் நான். இளமையில் கல்லுடைக்கும் இடத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலைசெய்த ஒருவர் எழுதிய மடல் அது. படித்தது தேர்வோடு போயிற்று.

கண்காட்சியின் முதல் நாள் மாலை, இன்று ஆட்டோ ஓட்டும் அன்பர் ஒருவர் வந்தார். மூன்று வெவ்வேறு குடும்பங்களின் படங்களில், குழந்தைகளைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்ற கரடி வேடத்தைச் சுட்டிக்காட்டி, "இது நான்தான் ஃபாதர்" என்றார். இருபது வயதில் பூங்கா ஒன்றில் இரண்டு கோடைகாலம் அந்த வேலை பார்த்தாராம். வேடத்தைப் போட்டால் தண்ணீர் குடிக்க முடியாது. கழற்றினால் குழந்தைகள் பயந்துவிடும். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்களாம். அப்படியானால் இது நீர்தான் என்று எப்படித் தெரியும் என்றேன். கரடியின் கையுறைக்கும் சட்டைக்கைக்கும் இடையில் தெரிந்த ஒரு சிறு கோட்டைக் காட்டினார். வேளாங்கண்ணியில் கட்டிக்கொண்ட கயிறு. மூன்றில் இரண்டு படங்களில் அது இருந்தது. மூன்றாவதில் இல்லை. "அப்போ அது அவன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வயதில் எடுத்த தம் முகப்படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 மே மாதம், கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டபோது அது சரிந்து ஓர் ஊழியர் உயிரிழந்தார். மற்றும் சிலர் காயமுற்றனர். அமர்ந்திருந்தவர்கள் பூங்காவின் பணியாளர்கள். நம் பிள்ளைகள் ஏறுமுன் பத்திரமா என்று பார்க்க முதலில் ஏறுபவர் அவர்களே. நம் ஆல்பங்கள் யாவும் வாயில் திறந்தபின் தொடங்குபவை. அதற்கு முந்திய அந்தச் சுற்றுக்கு நம்மிடம் படமில்லை. அச்செய்தியை அன்று நாளிதழில் படித்த நான், மறுவாரம் மறைக்கல்விப் பிள்ளைகளின் சுற்றுலாவை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். இறந்தவருக்காகத் திருப்பலியில் ஒரு வேண்டுதல் சொன்னேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். பழைய படங்கள் நிறம் மங்கி, செம்மை படர்ந்திருந்தன. சில, ஆல்பத்தின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிய்ந்துவந்தன. அவற்றை மின்வடிவாக்கிச் சீர்செய்து பெரிதாக அச்சிடும் பொறுப்பை இளைஞர் இயக்கத் தம்பி ஒருவரிடம் ஒப்படைத்தேன். மிகத் திறமையானவர். இக்காலக் கைப்பேசிகளிலும் கணினியிலும் ஒரு வசதி உண்டு. படத்தில் வேண்டாதவர் யாரேனும் இருந்தால் அவர்மேல் விரலால் தேய்த்தால் போதும், ஆள் மறைவார். மறைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கருவியே ஊகித்து நிரப்பிவிடும். தம்பி சில படங்களை அவ்வாறு 'சுத்தம்' செய்து காட்டினார். குடும்பம் மட்டும் பளிச்சென்று நின்றது. மிக நன்றாயிருக்கிறது என்று நான்தான் சொன்னேன். ஆகவே குற்றம் அவருடையதன்று.

சுத்தம் செய்யப்பட்ட படங்களுள் ஒன்று பழச்சாற்றுக் கடையின் முன் எடுத்தது. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள். ஆரஞ்சு எண்களில் ஆண்டு 98. பின்னால் கடை, பழக்கூடைகள், கண்ணாடித் தம்ளர் அடுக்கு, கவுண்ட்டர். இரண்டாம் நாள் பிற்பகல் ஓர் அம்மையார் அதன் முன் வெகுநேரம் நின்றார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். காலைத் திருப்பலிக்கு வருபவர். கடைசி பெஞ்சில் இருப்பார். நான் அருகில் சென்றதும் சொன்னார்: "இந்தக் கடை எனக்குத் தெரியும் ஃபாதர். ஆனா ஆள் இல்லாம இந்தக் கடை ஒருநாளும் இருந்ததில்ல."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. புரியாமல் கேட்ட கேள்விதான் அது. நான் அலுவலகத்துக்குச் சென்று மூலப்படத்தைத் தேடி எடுத்துவந்தேன். அதில், மூன்றாவது பிள்ளையின் தலைக்கு மேலே, மஞ்சள் தொப்பியும் சீருடையும் அணிந்த ஓர் இளம்பெண் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றார். கையில் ஒரு தம்ளர். படத்தில் உள்ள ஆறு பேரில் கேமராவைப் பார்த்தவர் அவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் கண்களை வெயில் மூடியிருந்தது. அம்மையார் படத்தைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுசென்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

அவரிடமும் அக்காலப் படம் ஏதும் இல்லை. வீட்டில் கேமரா கிடையாது. கல்யாணப் படங்கள் மழைவெள்ளத்தில் போயின. படத்துக்குரிய குடும்பத்தாரிடம் கேட்டேன். அவர்கள் தயங்காமல் ஒரு பிரதி எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். தம்பி, தம் பிழைக்கு ஈடுசெய்யும் ஆர்வத்தில், அப்பெண்ணை மட்டும் தனியே வெட்டியெடுத்துப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளி புள்ளியாய்க் கரைந்தது. பிலிமில் ஓரத்து மனிதருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். எவ்வளவு முயன்றாலும் அதைவிட மிகுதியாக அவரை அங்கிருந்து மீட்க இயலாது. கணினியை விட்டால் ஒரு முகத்தைக் கற்பித்துத் தந்துவிடும். அது வேண்டாம் என்றேன்.

அம்மையாருக்கும் வெட்டிய படம் பிடிக்கவில்லை. "முழுசாவே குடுங்க ஃபாதர். அந்தப் பிள்ளைங்களும் இருக்கட்டும். கடையும் இருக்கட்டும்" என்றார். பழங்கள் எங்கிருந்து வரும், எத்தனை மணிக்கு ஐஸ் வண்டி வரும், கூட்டம் மிகுந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தம்ளர் கழுவிக் கழுவி விரல் எப்படி வெளுத்துப்போகும் என்று அரைமணி நேரம் சொன்னார். சம்பளத்தில் சேர்த்து முதன்முதலாக வாங்கியது தங்கைக்கு ஒரு கைக்கடிகாரம். படத்திலுள்ள மூன்று பிள்ளைகளில் யாரையும் அவருக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள் வந்துபோயிருப்பார்கள்.

மறுநாள் காலை சுவரிலிருந்த படத்தை எடுத்துவிட்டு, மங்கிய மூலத்தையே சட்டமிட்டு மாட்டினோம். அடிக்குறிப்பையும் மாற்றி எழுதினேன். இடமிருந்து வலம் என்று வரிசைப்படுத்தியபோது அவர் பெயர் நான்காவதாக வந்தது. தந்தைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவில். எழுதி முடித்து ஒட்டும்போதுதான் கவனித்தேன். அவருக்கும் பின்னால், கடையின் இருட்டில், கூடையைத் தூக்கும் ஒரு முழங்கை தெரிகிறது. யார் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். அன்றைக்கு யார் வேலையில் இருந்தார்கள் என்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை. 'பின்னால்:' என்று எழுதி, அடுத்து இடம் விட்டு ஒட்டினோம்.